டிஸ்சார்ஜ் சம்மரியில் பெயர் நீக்கம்: என் அனுபவம்

பெங்களூரு நோயாளிகள் வீடு திரும்பும்போது மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் சம்மரிகளை ஏஐ மாடல் பயிற்சிக்குத் தருவதற்கு முன் பெயர்களை நீக்க வேண்டும். ஆங்கிலத் தரவில் பழகிய பெயர்தேடும் மென்பொருள் நம்மவர்களிடம் தடுமாறுகிறது; குடும்பப் பெயர் கடைசியில் வரும் என்பது அதன் கணக்கு, நமக்கோ இனிஷியல் முன்னால். ‘எம். செல்வி, டபிள்யூ/ஓ முருகன், கே.ஜி.எஃப்’ என்ற வரியில் முருகன் மட்டும் போனார். செல்வி அப்படியே நின்றார், ஊரும் நின்றது.

சரிசெய்தது இப்படி. எஸ்/ஓ, டி/ஓ, டபிள்யூ/ஓ, சி/ஓ ஆகியவற்றுக்குப் பின் வரும் 2 சொற்களை, எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் ரெஜெக்ஸால் மறைத்தேன். பிறகு பதிவேட்டிலுள்ள அந்த நோயாளியின் பெயரையே அவருடைய குறிப்பில் தேடினேன். லதா, லத்தா என எழுத்து மாறும் என்பதால் ஓரெழுத்து வித்தியாசத்தையும் அனுமதித்தேன். அங்கேதான் வினை! ஆங்கிலத்தில் ‘மாலா’வுக்கும் ‘மேல்’ என்ற பாலினச் சொல்லுக்கும் கடைசி எழுத்துதான் வேறு; மாலாவின் குறிப்பில் ‘மேல் பேபி’யின் ‘மேல்’ காணாமல் போனது. 6 எழுத்துக்குக் குறைந்த பெயர்களுக்கு அச்சொட்டான பொருத்தம் மட்டும் என்று வைத்த பிறகு அது நின்றது. லதா போன்ற குட்டிப் பெயர்களின் மாற்று எழுத்துகளைக் கையால் பட்டியலிட்டேன். அலுப்பான வேலை, வேறு வழியில்லை. ஊர், பேட்டைப் பெயர்களுக்குத் தனிப் பட்டியல்.

கைபேசி எண்ணை வெறுமனே ஹாஷ் செய்வது, அதாவது நேராகத் திருப்ப முடியாத குறியீடாக மாற்றுவது, பூட்டாத கதவு. 6 முதல் 9 வரை தொடங்கும் பத்திலக்க எண்கள் மொத்தம் 400 கோடிதான். ஒரு கணினியே எல்லாவற்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுவிடும். ரகசியச் சாவியும் சேர்த்துச் செய்யும் ஹாஷான எச்மேக் போட்டு, சாவியைத் தரவோடு வைக்காமல் பிரித்தேன். ஒரு நோயாளியின் தேதிகள் எல்லாவற்றையும் ஒரே அளவு நாள் நகர்த்தினால் அவற்றின் இடைவெளி கெடாது.