10 கி.மீ. மைக்ரோவேவ் லிங்க்: ஆன்டெனாவும் ரேடியோவும் தேர்ந்தெடுப்பது எப்படி?

உரிமம் பெற்ற அலைவரிசையில் முதல்முறை பேக்ஹால் லிங்க் (டவரின் தரவை முதன்மை நெட்வொர்க்குக்குக் கொண்டுசெல்லும் கம்பியில்லா இணைப்பு) போடுபவர்கள் பெரும்பாலும் ரேடியோவின் டேட்டா ஷீட்டைத்தான் முதலில் திறக்கிறார்கள். அதில் கொட்டை எழுத்தில் இருக்கும் வேகம், வானம் தெளிவாக இருக்கும்போது கிடைப்பது. கனமழையில் எவ்வளவு மிஞ்சும் என்பதைத் தூரமும் அலைவரிசையும் ஆன்டெனாவும்தான் பெருமளவு தீர்மானிக்கின்றன. ஆகவே இங்கே ரேடியோ பின்னால் வருகிறது. 10 கி.மீ. தூரம், 18 கிகாஹெர்ட்ஸ் என்று ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டபடியே போகலாம்.

படி 1: பாதை

எதிர் டவர் கண்ணுக்குத் தெரிகிறது என்பது மட்டும் போதாது. அலை செல்லும் வழி நடுவில் பருத்து, இரு முனைகளிலும் ஒடுங்கிய வடிவில் இருக்கும். இதை ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். நடுப்புள்ளியில் முதல் மண்டலத்தின் ஆரம் காண, தூரத்தை (கி.மீ.) அலைவரிசையால் (கிகாஹெர்ட்ஸ்) வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 8.66-ஆல் பெருக்குங்கள். விடை மீட்டரில் வரும்.

நம் லிங்க்குக்கு 6.5 மீட்டர். அதில் 60 சதவீதம், அதாவது 3.9 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும். பூமியின் வளைவுக்கு நடுவில் இன்னும் 1.5 மீட்டர் சேருங்கள். ஆக, நடுவழியில் நிற்கும் மரத்தின் உச்சிக்கு மேல் 5.4 மீட்டர் இடைவெளி தேவை. மரம் வளரும் என்பதால் கூடுதலாக 3 முதல் 5 மீட்டர் விடுங்கள். ஆரம்பத்தில் நன்றாக ஓடி, சில ஆண்டுகள் கழித்துக் காரணம் புரியாமல் தடுமாறும் லிங்க்குகளில் மரத்தைச் சந்தேகிப்பது நல்லது.

படி 2: அலைவரிசை

6 முதல் 8 கிகாஹெர்ட்ஸ் வரை நீண்ட தூரத்துக்கு, 11 முதல் 15 வரை நடுத்தரத்துக்கு, 18-ம் 23-ம் அதற்கும் குறைவான தூரத்துக்கு, 80 கிகாஹெர்ட்ஸ் ஒருசில கிலோமீட்டருக்கு என்பது பொதுவான பழக்கம். எந்த அலைவரிசை கிடைக்கும் என்பதை உங்கள் நாட்டின் ஒழுங்குமுறை அமைப்புதான் சொல்லும். 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே மழைதான் முக்கிய எதிரி. கீழே மழையின் பாதிப்பு குறைவு. ஆனால் நீர்ப்பரப்பு, சமவெளி போன்ற பாதைகளில் ஒரே சிக்னல் பல வழிகளில் வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அங்கே ஒரே டவரில் இரண்டு உயரங்களில் இரண்டு ஆன்டெனா வைப்பது வழக்கம்.

படி 3: ஆன்டெனா

டிஷ்ஷின் கெயினை (சிக்னலை ஒரே திசையில் குவித்துக் கூட்டும் திறன்; அலகு டிபிஐ) தோராயமாகக் கணக்கிட ஒரு வழி: 17.8 + 20 லாக் (விட்டம் மீட்டரில்) + 20 லாக் (கிகாஹெர்ட்ஸ்). 18 கிகாஹெர்ட்ஸில் 0.6 மீட்டர் டிஷ் 38.5 டிபிஐ தரும்; 1.2 மீட்டர் டிஷ் 44.5. விட்டத்தை இரட்டிப்பாக்கினால் ஒரு முனையில் 6 டெசிபல், இரு முனையிலும் செய்தால் 12 டெசிபல் லாபம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பரப்பளவு நான்கு மடங்காவதால் காற்று தள்ளும் விசையும் ஏறத்தாழ நான்கு மடங்காகும். பீமும் (அலை குவிந்து செல்லும் கற்றை) சுமார் 2 பாகையிலிருந்து 1 பாகையாகச் சுருங்கும். மெல்லிய கம்பத்தில் 1.2 மீட்டர் டிஷ்ஷை மாட்டினால், காற்றடிக்கும்போதெல்லாம் சிக்னல் ஏறி இறங்கும். டவரின் தாங்குதிறனைக் கட்டமைப்புப் பொறியாளர் சரிபார்க்காமல் அளவை முடிவு செய்யாதீர்கள்.

கெயின் ஒன்றாக இருந்தாலும் எல்லா டிஷ்களும் ஒன்றல்ல. பக்கவாட்டிலும் பின்புறமும் எவ்வளவு கசிகிறது என்பதை வைத்து ஐரோப்பியத் தர நிறுவனமான எட்சி வகுப்பு பிரித்திருக்கிறது. அமெரிக்க விதிகளில் ஏ, பி என்ற பிரிவுகள் உண்டு. லிங்க்குகள் நெருக்கமாக உள்ள நகரத்தில் கசிவு குறைந்த எட்சி வகுப்பு 4 டிஷ் வாங்குங்கள். ஒதுக்குப்புறத்தில் வகுப்பு 3 போதும். விலை வித்தியாசத்தைப் பார்த்துத் தயங்குபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: ரேடியோவைப் பின்னாளில் மாற்றலாம், டிஷ்ஷைக் கழற்றி மாட்டுவதற்கு ஆள், உபகரணம், உரிமத் திருத்தம் எல்லாம் வேண்டும். சிக்கனம் செய்யக் கூடாத இடம் இதுதான்.

ரேடியோ நேரடியாக டிஷ்ஷின் முதுகில் பொருந்துமா என்றும் கேளுங்கள். அந்தப் பொருத்தும் பகுதி தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். தவறாக வந்தால் டவர் மேலே ஏறிய பிறகுதான் தெரியும்.

படி 4: லிங்க் பட்ஜெட்

லிங்க் பட்ஜெட் என்றால் சிக்னலின் வரவு செலவுக் கணக்கு. வெட்டவெளி இழப்பு = 92.45 + 20 லாக் (கிகாஹெர்ட்ஸ்) + 20 லாக் (கி.மீ.). நமக்கு 137.6 டெசிபல். 20 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் அளவு) சக்தியில் அனுப்பி, இருபுறமும் 0.6 மீட்டர் டிஷ் வைத்தால்:

20 + 38.5 + 38.5 − 137.6 = −40.6 டிபிஎம்.

காற்றின் உறிஞ்சல், சில்லறை இழப்புகளுக்குக் கொஞ்சம் கழித்து −42 என்று வைத்துக்கொள்வோம். பண்பேற்றம் என்பது அலையில் தரவை ஏற்றும் முறை: 256 க்வாம் வேகமானது, ஆனால் வலுவான சிக்னல் கேட்கும்; க்யூபிஎஸ்கே மெதுவானது, பலவீனமான சிக்னலிலும் ஓடும். 28 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 256 க்வாம் பண்பேற்றத்துக்கு ரிசீவரின் வாசல் அளவு (வேலை செய்யத் தேவையான குறைந்தபட்ச சிக்னல்) ஏறத்தாழ −66, க்யூபிஎஸ்கே-க்கு −87. அப்படியானால் கையிருப்பு (வாசலுக்கு மேல் மிஞ்சும் சிக்னல்) 256 க்வாமில் 24 டெசிபல், க்யூபிஎஸ்கே-யில் 45. துல்லியமான எண்களை வாங்கப்போகும் ரேடியோவின் உத்தரவாத அளவிலிருந்து எடுங்கள். டேட்டா ஷீட்டில் வழக்கமான அளவு என்று வேறொரு எண்ணும் இருக்கும். அது ஒன்றிரண்டு டெசிபல் அழகாகத் தெரியும், அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

படி 5: மழை

மணிக்கு 50 மி.மீ. மழையில் 18 கிகாஹெர்ட்ஸ் அலை, செங்குத்துத் துருவமாக்கலில் (அலையின் மின்புலம் மேல்கீழாக அசையும்படி அனுப்புவது) கிலோமீட்டருக்குச் சுமார் 3.9 டெசிபல் இழக்கும்; கிடைமட்டத்தில் 4.9. விழும்போது துளி தட்டையாவதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். 10 கி.மீ. முழுவதும் ஒரே வேகத்தில் பெய்யாது என்பதால், பயனுறு தூரத்தை ஏறக்குறைய 6.2 கி.மீ. என்று கொள்ளலாம். செங்குத்தில் இழப்பு 24 டெசிபல். 256 க்வாமின் கையிருப்பு அத்தோடு தீர்ந்தது.

மணிக்கு 95 மி.மீ. பெய்தால்? பயனுறு தூரம் சுமார் 4.6 கி.மீ.; செங்குத்தில் 34 டெசிபல், கிடைமட்டத்தில் 45. அதாவது செங்குத்தில் க்யூபிஎஸ்கே இன்னும் உயிரோடு இருக்கும், கிடைமட்டத்தில் விளிம்பில் நிற்கும். வாய்ப்பு இருந்தால் செங்குத்தையே கேளுங்கள். உங்கள் பகுதியில் ஆண்டில் 0.01 சதவீத நேரம் மீறப்படும் மழை அளவை ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) வரைபடங்களிலிருந்து எடுத்து இதே கணக்கைப் போடுங்கள். 99.99 சதவீத நேரம் லிங்க் ஓடும் என்றால், ஆண்டுக்குச் சுமார் 53 நிமிடம் அது அறுபடும் என்று பொருள்.

படி 6: ரேடியோ

28 மெகாஹெர்ட்ஸில் 256 க்வாம் தோராயமாக 180 எம்பிபிஎஸ் தரும். க்யூபிஎஸ்கே-க்கு இறங்கினால் 40-ஐ ஒட்டி நிற்கும். பண்பேற்றம் தானாக மாறும் வசதி இருந்தால்தான் லிங்க் அறுபடாமல் இப்படி இறங்கும். கூடவே, குரல் அழைப்பும் கட்டுப்பாட்டுத் தரவும் அந்த 40-க்குள் முதலில் போகும்படி முன்னுரிமை அமைக்க வேண்டும். இதை மறந்தால் மழையில் லிங்க் இருந்தும் சேவை இருக்காது.

ஆர்டர் போடும்போது நேரும் பெரிய தவறு ஒன்று: ஒரு முனை அலைவரிசையின் கீழ்ப்பகுதியில் அனுப்பினால் மறுமுனை மேல்பகுதியில் அனுப்ப வேண்டும். இரண்டும் ஒரே பகுதி ரேடியோவாக வந்துவிட்டால் அவை பேசவே பேசாது. 18 கிகாஹெர்ட்ஸில் அனுப்பும் அலைவரிசைக்கும் பெறும் அலைவரிசைக்கும் உள்ள இடைவெளி 1010 மெகாஹெர்ட்ஸாகவும் இருக்கலாம், 1560 ஆகவும் இருக்கலாம். உரிமத்தில் உள்ளதோடு ஒப்பிட்ட பிறகே வாங்குங்கள். உதிரி ரேடியோவும் இரு வகையிலும் ஒவ்வொன்று வேண்டும். ஏற்கெனவே அதே அலைவரிசையில் லிங்க் உள்ள டவரில், அங்குள்ளவை எந்தப் பகுதியில் அனுப்புகின்றனவோ அதையே பின்பற்றுங்கள்.

படி 7: உரிமமும் பொருத்துதலும்

விண்ணப்பத்தில் ஆன்டெனா மாடல், உயரம், திசை, துருவமாக்கல், சக்தி போன்ற விவரங்கள் பதிவாகும். பிறகு டிஷ்ஷை மாற்றினால் உரிமத்தையும் திருத்த வேண்டியிருக்கும். அதனால் 3-ஆம் படியை முடிக்காமல் விண்ணப்பிக்காதீர்கள்.

டிஷ்களைத் திருப்பிச் சரிசெய்த பின் இரு முனைகளிலும் சிக்னலைப் படியுங்கள். கணக்கிட்ட −42-க்கு 2 டெசிபலுக்குள் வர வேண்டும். −62 போல வந்து, எவ்வளவு நுணுக்கமாகத் திருகினாலும் ஏறாவிட்டால் நீங்கள் பக்க பீமில் (முதன்மைக் கற்றைக்குப் பக்கத்தில் இருக்கும் பலவீனமான கற்றை) உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த முனையை இருபுறமும் 5 பாகை வரை மெதுவாகத் துழாவுங்கள். மூன்று முகடுகள் தென்படும், நடுவில் இருப்பது உயர்ந்தது. அங்கே நிறுத்தி, மேல்கீழாகவும் அதே போலத் துழாவி, மறுமுனைக்குப் போங்கள். போல்ட்டை இறுக்கிய பிறகு அளவை மறுபடி படியுங்கள், இறுக்கும்போதே ஓரிரு டெசிபல் நழுவுவதுண்டு.