இஜிஆரை அடைப்பதற்கு முன்: டீசல் காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீசல் காரில் பிக்கப் குறைந்து, கறுப்புப் புகை தள்ளி, செக் இன்ஜின் விளக்கும் எரிந்தால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "இஜிஆரை அடைச்சு விட்டுடுங்க, வண்டி பறக்கும்." இதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். கரி பிடித்து, திறந்தபடியே சிக்கிக்கொண்ட இஜிஆர் வால்வை, அதாவது புகையை இன்ஜினுக்கே திருப்பிவிடும் கதவை, அடைத்தால் வண்டி தெளிந்து ஓடத்தான் செய்யும். ஆனால் அதே வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தாலும், புதிதாக மாட்டினாலும் கிடைப்பது அதே பலன். அடைத்ததால் சக்தி கூடவில்லை. இழந்தது திரும்பியது, அவ்வளவுதான்.

இஜிஆர் செய்கிற வேலை எளிமையானது. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே அனுப்புகிறது. அந்தப் புகையில் ஆக்சிஜன் குறைவு என்பதால் எரியும் வெப்பம் தணிகிறது, நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாவதும் குறைகிறது. நுரையீரலை எரிச்சலூட்டுவதும், வெயிலில் தரைமட்ட ஓசோன் உருவாகக் காரணமாவதும் இந்த வாயுக்கள்தான். குறைந்த சுமையில் ஓடும்போதுதான் இஜிஆர் தாராளமாகத் திறக்கும். ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் மூடிக்கொள்ளும். ஆக, நல்ல நிலையில் இருக்கும் இஜிஆர் உங்கள் முழு சக்தியில் கை வைப்பதே இல்லை. அதை எடுத்துவிட்டால் வண்டி பறக்கும் என்று நம்புவதுதான் முதல் தவறு.

வண்டியின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் வந்த எண்ணை மட்டும் பார்த்து வால்வைக் குற்றவாளி ஆக்குவது அடுத்தது. பி0401 என்றால் இஜிஆர் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். வால்வு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. வால்வை இயக்கும் வேக்குவம் குழாயில் விரிசல் இருக்கலாம், அந்த வேக்குவத்தை மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வேலை செய்யாமல் இருக்கலாம், திரும்பும் புகையைக் குளிர்விக்கும் கூலர் கரியால் அடைத்திருக்கலாம், காற்றின் அளவைச் சொல்லும் எம்ஏஎஃப் சென்சார் அழுக்காகித் தவறான கணக்கைக் கொடுக்கலாம். பல வண்டிகளில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு அந்தச் சென்சாரை வைத்துத்தான் இஜிஆர் ஓட்டத்தைக் கணிக்கிறது: வால்வு திறந்தால் புதிய காற்று குறைய வேண்டும். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஈசியு கேட்ட திறப்பும் வால்வு காட்டும் திறப்பும் ஒத்துப்போகின்றனவா, திறக்கும்போது காற்றின் அளவு இறங்குகிறதா என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். ஸ்பேனர் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, கரி எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் விடுவது. வால்வில் தார் போலப் படிவது வெறும் புகைக்கரி அல்ல. இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் அதில் கலந்து ஒட்டிக்கொள்கிறது. ஒழுகும் இன்ஜெக்டர், எண்ணெய் கசியும் டர்போ, அடைத்த ஏர் ஃபில்டர், டர்போவுக்கும் காற்று உள்ளே போகும் இன்டேக்குக்கும் நடுவே கிழிந்த ஹோஸ், இன்ஜின் சூடேறுவதற்குள்ளேயே முடிந்துவிடும் குறுகிய பயணங்கள் என எதுவும் காரணமாகலாம். இஜிஆரை அடைத்துவிட்டால் இந்த நோய்களெல்லாம் சத்தமில்லாமல் வளரும். என்னைக் கேட்டால், கரி பிடித்த வால்வு உங்களிடம் இலவசமாக வந்த ஒரு எச்சரிக்கை. அதன் வாயைக் கட்டுவானேன்?

அடைப்பது என்றால் புகை திரும்பும் வழியின் நடுவில் ஒரு தகட்டை வைப்பதோடு முடிந்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. புதிய வண்டிகளில் அது நடக்காது. ஓட்டம் இல்லை என்று ஈசியு கண்டுபிடித்து விளக்கைப் போடும், சில வண்டிகள் சக்தியைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்கே போய்விடும். உடனே சாஃப்ட்வேரை மாற்றச் சொல்வார்கள். புகையில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் ஆட்புளூ திரவத்தை ஊற்றும் வண்டி என்றால் நைட்ரஜன் ஆக்சைடு கூடியதும் ஆட்புளூ செலவு ஏறும், சென்சார் புகார் செய்யும். அடுத்து அதையும் சாஃப்ட்வேரில் அணைக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று என்று இது நீண்டுகொண்டே போகும். எரியும் சத்தம் கடினமாவதையும், குளிரில் இன்ஜின் சூடேற அதிக நேரம் எடுப்பதையும் சிலர் பிறகுதான் கவனிக்கிறார்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சாலையில் ஓடும் வண்டியின் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியை எடுப்பதோ செயலிழக்கச் செய்வதோ பல நாடுகளில் குற்றம். வண்டி சோதனையில் தேறாமல் போகலாம், காப்பீட்டிலும் தகராறு வரலாம். சோதனையின்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் சாஃப்ட்வேரை வைத்திருந்த ஃபோக்ஸ்வேகன், 2015இல் மாட்டிக்கொண்டு பட்ட பாடு ஊரறிந்தது.

சரி, சுத்தம் செய்யத்தான் கழற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தவறுகள் அதிகம் நடப்பதும் இங்கேதான். இன்ஜின் முழுதாக ஆறாமல் கை வைக்கக் கூடாது. வால்வோடும் கூலரோடும் கூலன்ட் குழாய் சேர்ந்திருக்கும் வண்டிகள் நிறைய. சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். வெப்பத்தில் இறுகிப்போன போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறியும். துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துக் காத்திருப்பதே மேல். டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் சேர்த்தது. அந்தக் கரியை வெறுங்கையால் சுரண்டுவதும், காற்றடித்து ஊதிப் பறக்கவிடுவதும் வேண்டாம். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

மோட்டாரும் சென்சாரும் இருக்கும் பக்கத்தைக் கிளீனரில் ஊறப்போடுவது ஒரு வால்வைக் கொல்லும் நிச்சயமான வழி. உலோகப் பக்கம் மட்டும் கீழே இருக்கும்படி பிடித்துக்கொண்டு சுத்தம் செய்ய வேண்டும். சிக்கிய வால்வை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரம் உடையும். வால்வு உட்காரும் இடத்தில் கீறல் விழுந்தால் பிறகு அது முழுதாக மூடாது. சுரண்டிய கரிக்கட்டிகள் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் விழாமல் துணி வைத்து அடைக்கவும், மாட்டும்முன் அந்தத் துணியை எடுக்கவும் மறக்கக் கூடாது. சிரிக்க வேண்டாம், நடப்பதுதான்.

ஓடும் இன்ஜினின் இன்டேக்கில் கண்ட ஸ்ப்ரேயையும் அடித்துச் சுத்தம் செய்யும் குறுக்குவழி டீசலில் ஆபத்தானது. எரியக்கூடிய எதுவும் அதற்கு எரிபொருள்தான். இன்ஜின் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கலாம், அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

மாட்டும்போது இணைப்பில் கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டால் சூடான புகை கசியும். கூலன்ட்டை நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு சில நாள்கள் அளவைக் கவனியுங்கள். கசிவே தெரியாமல் கூலன்ட் குறைந்தால் கூலருக்குள்ளேயே ஓட்டை இருக்கலாம், அதை அலட்சியப்படுத்தக் கூடாது. கூலரில் கசிந்த கூலன்ட் கரியோடு சேர்ந்து தீப்பிடிக்கும் அபாயத்தால்தான் பிஎம்டபிள்யூ 2018இல் ஏராளமான டீசல் கார்களைத் திரும்ப அழைத்தது. பல வண்டிகளில் புதிய வால்வு திறந்து மூடும் எல்லையை ஸ்கேனர் மூலம் ஈசியுவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல், "புது வால்வும் சரியில்லை" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

பழைய கார் வாங்குபவர்களுக்கு ஒன்று. முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே அடைத்து வைத்திருக்கலாம். விளக்கு எரியவில்லை என்பதை நம்பாதீர்கள், சாஃப்ட்வேரில் அணைத்திருந்தால் எரியாது. இணைப்புகளின் நடுவே கேஸ்கட்டைவிடத் தடித்த தகடு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சூடான இன்ஜின் மிதமான வேகத்தில் ஓடும்போதும் லைவ் டேட்டாவில் இஜிஆர் கட்டளை பூஜ்யத்திலேயே நிற்கிறதா என்றும் பாருங்கள். பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் தகட்டை மட்டும் எடுத்தால் போதாது. தயாரிப்பாளரின் அசல் சாஃப்ட்வேரையும் திரும்ப ஏற்ற வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு நல்ல வால்வை மாட்டினாலும் ஈசியு அதைத் திறக்கவே சொல்லாது.