எலாஸ்டிக்சர்ச்: வரிசைப்படுத்திய முடிவுகளைப் பக்கம் பக்கமாக எடுப்பது எப்படி?

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் ஒரு இன்டெக்ஸை, அதாவது தேடவேண்டிய தரவுத் தொகுப்பை, ஷார்டுகள் எனப்படும் பல துண்டுகளாகப் பிரித்து, பல சர்வர்களில் வைக்கிறது. பக்கத்து ஷார்டில் என்ன இருக்கிறது என்பது எந்த ஷார்டுக்கும் தெரியாது. புதியவர்கள் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இதைத்தான்.

படி 1: தாளில் செய்து பாருங்கள்

விலை குறைந்த மூன்று பொருட்கள் வேண்டும். மூன்று ஷார்டுகளில் உள்ள விலைகள்:

10, 40, 70
20, 25, 90
15, 60, 80

ஒவ்வொரு ஷார்டும் தன் முதல் மூன்றை அனுப்பும். கோரிக்கையைப் பெற்ற சர்வர் ஒன்பதையும் கலந்து 10, 15, 20 என்று எடுக்கும். தலா ஒன்று மட்டும் கேட்டிருந்தால் 10, 15, 20 கிடைத்திருக்கும்தான். ஆனால் 25 என்பது 12 ஆக இருந்து, 20 என்பது 11 ஆக இருந்தால்? சரியான விடை 10, 11, 12. அந்த 12 நம் கைக்கு வந்தே இருக்காது.

இப்போது பத்தாயிரம் வரிகளைத் தாண்டி, அடுத்த பத்தைக் கேளுங்கள். ஐந்து ஷார்டுகள் இருந்தால், அவை தலா 10,010 வரிகளின் விவரத்தை அனுப்ப வேண்டும். மொத்தம் 50,050; அதில் 50,040 குப்பைக்கு. அதனால்தான் இயல்பாகவே 10,000 என்ற வரம்பு இருக்கிறது. அதை உயர்த்தித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், நினைவகம்தான் திணறும்.

படி 2: 'சர்ச் ஆஃப்டர்'

இந்தச் சுமையைத் தவிர்க்கும் வழி இது. ஒவ்வொரு முடிவுடனும் அதன் வரிசை மதிப்புகள் (வரிசைப்படுத்தப் பயன்பட்ட மதிப்புகள்; இங்கே விலை) வரும். கடைசி வரியின் மதிப்புகளை அடுத்த கோரிக்கையில் கொடுத்தால், அங்கிருந்து தொடரும்.

விலையை மட்டும் நம்பாதீர்கள். 250 ரூபாய்க்கு மூன்று பொருட்கள் இருந்து, பக்கம் முதல் பொருளோடு முடிந்தால், அடுத்த பக்கம் 250-க்கு மேலிருந்து தொடங்கும்; மற்ற இரண்டும் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். எனவே, பொருள் எண் போன்ற தனித்துவமான புலத்தை இரண்டாவது வரிசையாகச் சேர்த்து, இரண்டு மதிப்புகளையும் அனுப்புங்கள்: [250, "பி-0417"].

படி 3: 'பாயிண்ட் இன் டைம்'

நீங்கள் பக்கம் புரட்டும்போதே விலைகள் மாறலாம். 7.10 பதிப்பில் வந்த இந்த வசதி, நீங்கள் தொடங்கிய நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைக்கும். பிடித்து வைத்த அந்த நிலைக்கு ஒரு ஐடி உண்டு; ஒவ்வொரு பதிலிலும் வரும் புதிய ஐடியையே அடுத்த கோரிக்கைக்குப் பயன்படுத்துங்கள். முடிவுகள் காலியாக வந்ததும் 'பாயிண்ட் இன் டைம்'-ஐ மூடிவிடுங்கள்.

இந்த வழியில் 57-ஆம் பக்கத்துக்கு நேராகத் தாவ முடியாது. திரையில் பக்க எண்களுக்குப் பதிலாக 'அடுத்து' பொத்தான் வையுங்கள்.