எல்லாமே கேஸ் இல்லை: கஷாயம் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயிறு உப்பினாலும் கேஸ், நெஞ்சு எரிந்தாலும் கேஸ், நாலு நாள் மலம் போகாவிட்டாலும் கேஸ். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு, கைக்கு எட்டிய மருந்தை எடுத்துக் குடித்துவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் உயிர் சம்பந்தப்பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு நடுவே இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல், தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் பார்க்கலாம் என்று தயவுசெய்து உட்காராதீர்கள், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சரி, உண்மையிலேயே வாயுதான் என்றால்? புதினா குடல் தசையைத் தளர்த்தும், அதனால் உப்புசத்துக்கும் வயிற்றுப் பிடிப்புக்கும் கேட்கும். ஆனால் உணவுக்குழாயின் அடியில் அமிலத்தை மேலே விடாமல் பிடித்திருக்கும் தசையும் கூடவே தளர்ந்துவிடும். அதனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் புதினா டீ குடித்தால் எரிச்சல் கூடலாம்.

ஓமம், சீரகம், சோம்பு மூன்றிலும் வேலை செய்வது அவற்றின் வாசனை எண்ணெய்தான், அது ஆவியோடு பறந்துவிடும். திறந்த பாத்திரத்தில் சுண்டச் சுண்டக் கொதிக்கவிட்டால் வீடு மணக்கும், டம்ளரில் அந்த எண்ணெய் குறைவாகத்தான் மிஞ்சும். லேசாக நசுக்கி, கொதித்த தண்ணீரை ஊற்றி, பத்து நிமிஷம் மூடி வைத்தால் போதும்.

அப்புறம் கடையில் வாங்கும் சூரணங்கள். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். நிலாவாரை இருந்தால் அது பேதி மருந்து, தினமும் சாப்பிட்டால் உடலில் பொட்டாசியம் குறையக்கூடும். அதிமதுரம் நாள்கணக்கில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறும், உப்பு சேர்த்த பொடியும் பிரஷர்காரர்களுக்கு ஆகாது. கட்டிப் பெருங்காயத்தில்கூடப் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுவே வயிற்றைக் கெடுக்கும்.

கைக்குழந்தை விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். பெருங்காயம் உள்ளே கொடுத்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனே குறையக்கூடும். ஒரு வயதுக்குள் மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதும் ஆபத்து.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இஞ்சியோ சுக்கோ மருந்தளவில் தினமும் எடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். மலத்தில் ரத்தம் வந்தாலோ காரணமில்லாமல் எடை குறைந்தாலோ கஷாயத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்க்கப் போங்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்த பொடியையும் கையோடு எடுத்துப் போங்கள்.