அரசனை விரட்டும் குறிப்பு எழுதுவது எப்படி?

குறுக்கெழுத்தில் ஆட்சிக் கவிழ்ப்புக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் நான் முதலில் தேடுவது ‘கோ’. அரசனுக்கு ஒரே எழுத்து. வெளியே தள்ளத் தோது. ‘கோவில்’ என்பதில் ‘கோ’ போனால் ‘வில்’. இதை அப்படியே சொன்னால் சப்பென்று இருக்கும். ‘ஆலயத்தைவிட்டு அரசனை விரட்ட, ஆயுதம் மிஞ்சும் (2)’ என்று மறைத்து எழுதுங்கள், ஒரு கலகமே நடக்கும். அடைப்பில் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. கோமாதாவிலும் இது நடக்கும், ஆனால் மாதா கண்ணெதிரிலேயே நிற்கிறாள், எனக்குப் பிடிக்காது.

வினைச்சொல்லில் கவனம். ‘விரட்டு’ என்றால் எழுத்து போகும். ‘கவிழ்’ என்றால் தலைகீழ். ராதா தாரா ஆவாள். ‘கலை’ என்றால் எழுத்துகள் இடம் மாறும். இவற்றைக் குழப்பினால் விடை தேடுபவர் சண்டைக்கு வருவார், நியாயம்தான்.

அப்புறம், ‘தலையிழந்த மகுடம் நீர் சுமக்கும் (3)’. இதற்கு விடை சொல்ல மாட்டேன்.