அமெரிக்கத் தெற்கத்திச் சமையல்: வீட்டில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிஸ்கட், மக்காச்சோள ரொட்டியான கார்ன்பிரெட், மக்காச்சோளக் கஞ்சியான கிரிட்ஸ், வறுத்த கோழி, கெட்டியான குழம்பு போன்ற கம்போ. வர்ஜீனியா முதல் லூசியானா வரை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வீட்டுக்கு வீடு செய்யும் உணவுகள் இவை. மாவு, மோர், கொழுப்பு, உப்பு என்று இவற்றுக்கு வேண்டிய சாமான்கள் மிகக் குறைவு. மசாலாவை அள்ளிப் போட்டுச் சரிக்கட்ட முடியாத சமையல் என்பதால், பக்குவம் தப்பினால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் தப்புகிறது. ஒன்று, பெயரைப் பார்த்து வேறு பொருளை வாங்கிவிடுவது. மற்றொன்று, சூட்டைக் கவனிக்காமல் விடுவது.

முதலில் மளிகை

நம்மூர்க் கடையில் கார்ன்ஃப்ளோர் என்று கேட்டால் வெள்ளை ஸ்டார்ச் கிடைக்கும். அதில் கார்ன்பிரெட் வராது, பசைதான் வரும். கார்ன்பிரெட்டுக்கு வேண்டியது முழு மக்காச்சோளத்தைக் கொரகொரப்பாக அரைத்த மாவு. கிரிட்ஸுக்கு அதைவிடப் பருமனான மக்காச்சோள ரவை.

அடுத்தது மோர். அமெரிக்கக் கடைகளில் பட்டர்மில்க் என்று விற்பது உறை ஊற்றிப் புளிக்க வைத்த கெட்டியான பால். தண்ணீர் விட்டுக் கடைந்த மோரை அதே அளவு ஊற்றினால் மாவு ஓடிவிடும், புளிப்பும் போதாது. முக்கால் பங்கு கெட்டித் தயிரையும் கால் பங்கு பாலையும் கட்டியில்லாமல் அடித்தால் ஏறத்தாழ அந்தப் பதம் கிடைக்கும். தயிர் கொஞ்சம் புளித்திருந்தால் இன்னும் நல்லது. சோடா உப்பு வேலை செய்ய அந்தப் புளிப்பு வேண்டும்.

மாவிலும் வித்தியாசம் உண்டு. தெற்கத்திப் பிஸ்கட்டுக்கு மென்மையான கோதுமையில் அரைத்த மாவு வேண்டும். 1883-இல் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லில் தொடங்கிய ஒயிட் லில்லி மாவுக்கு அங்கே இருக்கும் மதிப்பு இதனால்தான். புரதம் குறைவான மாவில் பசைத்தன்மை அதிகம் உருவாகாது. வேறு மைதாதான் இருக்கிறது என்றால் ஒவ்வொரு கப்பிலும் 2 டேபிள்ஸ்பூன் எடுத்துவிட்டு, அதே அளவு கார்ன்ஃப்ளோர் சேர்த்துச் சலியுங்கள். இங்கே அந்த ஸ்டார்ச் உதவும். பேக்கிங் பவுடரும் உப்பும் கலந்தே வரும் ‘செல்ஃப் ரைசிங்’ மாவு என்றால் அவற்றை மறுபடி போடக்கூடாது.

பிஸ்கட்: கை சூடும் அவசரமும்

இது டீயில் தோய்க்கும் பிஸ்கட் அல்ல, அடுக்கு அடுக்காகப் பிரியும் மெத்தென்ற சிறு ரொட்டி. 8 பிஸ்கட்டுக்கு மைதா 2 கப் (250 கிராம்), பேக்கிங் பவுடர் 1 டேபிள்ஸ்பூன், சோடா உப்பு கால் டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், குளிர்ந்த வெண்ணெய் 85 கிராம், பட்டர்மில்க் முக்கால் கப் (180 மில்லி) போதும். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் உப்பைப் பாதியாகக் குறையுங்கள்.

வெண்ணெய் இளகிப் போவதுதான் முதல் கேடு. அது மாவுக்குள் பட்டாணி அளவுத் துண்டுகளாகவே இருக்க வேண்டும். ஓவன் சூட்டில் துண்டுகள் உருகும்போது அதிலுள்ள ஈரம் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கும். முன்பே இளகினால் வெண்ணெய் மாவோடு ஒன்றாகிவிடும், அடுக்கே வராது. வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாக வெட்டி 15 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். சென்னை வெயிலில் செய்கிறீர்கள் என்றால் மாவுக் கிண்ணத்தையும் உள்ளே வைக்கலாம்.

இரண்டாவது, சப்பாத்தி மாவு போலப் பிசைவது. பிசையப் பிசைய பிஸ்கட் ரப்பராகும். பட்டர்மில்க் ஊற்றிய பிறகு கரண்டியால் பத்துப் பதினைந்து முறை கிளறி, மாவு ஒட்டுமொத்தமாகச் சேர்ந்ததும் நிறுத்துங்கள். அங்கங்கே உலர்ந்த மாவு தெரிந்தால் பரவாயில்லை. பலகையில் கொட்டி, கையால் தட்டி, மூன்றாக மடித்து, மறுபடி தட்டி, இப்படி மூன்று முறை செய்தால் போதும். கடைசியில் 2.5 செ.மீ. கனம் இருக்கட்டும். மெல்லிசாகத் தட்டினால் எழும்பாது.

வெட்டும்போது அச்சை நேராக அழுத்தி நேராகவே எடுக்க வேண்டும். திருகினால் ஓரத்து அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொள்ளும், பிஸ்கட் ஒரு பக்கம் சாயும். தட்டில் ஒன்றையொன்று தொடும்படி அடுக்குங்கள். ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து மேலே எழும்பும். 230 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம் வேண்டும். சூடு குறைவான ஓவனில் வைத்தால் வெண்ணெய் உருகி வெளியே வழிந்துவிடும்.

நன்றாக எழும்பட்டும் என்று பேக்கிங் பவுடரைக் கூட்டுகிறவர்கள் உண்டு. எழும்புவதற்குப் பதில் உலோகக் கசப்புதான் மிஞ்சும். வர்ஜீனியாவின் ஃப்ரீடவுனில் பிறந்த புகழ்பெற்ற சமையல்காரர் எட்னா லூயிஸ், கடைப் பேக்கிங் பவுடரின் அந்தச் சுவை பிடிக்காமல் கிரீம் ஆஃப் டார்டார் என்ற புளிப்புப் பொடியும் சோடா உப்பும் கலந்து தாமே தயாரித்துக்கொண்டார்.

கார்ன்பிரெட், கிரிட்ஸ்

கார்ன்பிரெட்டில் நடக்கும் பெரிய தவறு, குளிர்ந்த சட்டியில் மாவை ஊற்றுவது. 25 செ.மீ. வார்ப்பிரும்புச் சட்டியை ஓவனோடு சேர்த்தே 230 டிகிரிக்குச் சூடாக்கி, 2 டேபிள்ஸ்பூன் பன்றிக் கொழுப்போ நெய்யோ விட்டு, மாவை ஊற்றும்போது ‘சொய்ங்’ என்று சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் வந்தால்தான் அடி மொறுமொறுவென்று பொன்னிறமாகும், சட்டியில் ஒட்டாது. நம் வீட்டுத் தோசைக்கல்லைப் பழக்குவது போலவே இந்தச் சட்டியையும் எண்ணெய் தடவிப் பழக்க வேண்டும். மக்காச்சோள மாவு 2 கப், பட்டர்மில்க் ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் கப், முட்டை 2, பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சோடா உப்பு அரை டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன் போதும். தெற்கின் பழைய முறையில் சர்க்கரையும் இல்லை, மைதாவும் இல்லை. இனிப்பாகச் செய்தால் கேக் ஆகிவிடும், கீரைச் சாற்றில் தொட்டுச் சாப்பிட முடியாது.

கிரிட்ஸ் பொறுமையைச் சோதிக்கும். கல் இயந்திரத்தில் அரைத்த ரவை வேக 45 நிமிடம் முதல் 1 மணி நேரம் ஆகும். 20 நிமிடத்தில் கெட்டியாகிவிட்டதே என்று இறக்கினால் பல்லில் நறநறக்கும். 1 கப் ரவைக்கு 4 கப் தண்ணீர். முதலில் ரவையைக் குளிர்ந்த நீரில் போட்டு மேலே மிதக்கும் உமியை வடித்துவிடுங்கள். உப்பை ஆரம்பத்திலேயே போட வேண்டும், வெந்த பிறகு போட்டால் உள்ளே ஏறாது. வெண்ணெயும் சீஸும் மட்டும் கடைசியில்.

வறுத்த கோழி

தமிழ்நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் தோலுரித்தே தருவார்கள். இதற்குத் தோல் வேண்டும், கேட்டு வாங்குங்கள். ஒன்றேகால் கிலோவுக்கு மேற்பட்ட கோழி என்றால் வெளியே கருகும், உள்ளே வேகாது. 8 துண்டுகளாக வெட்டி, 2 கப் பட்டர்மில்க்கில் 1 டேபிள்ஸ்பூன் உப்பு கலந்து இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் ஊற வையுங்கள். பொரிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். சில்லென்ற துண்டு எண்ணெயின் சூட்டை ஒரேயடியாகக் குறைத்துவிடும்.

மாவில் புரட்டியவுடனே எண்ணெயில் போடுவதால்தான் மேல்தோடு கழன்று வருகிறது. புரட்டிய துண்டுகளைக் கம்பித் தட்டில் 20 நிமிடம் வையுங்கள். மாவு ஈரத்தை இழுத்து, வெள்ளை மறைந்து, பசை போலப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் 175 டிகிரியில் இருக்கும்போது தோல் பக்கம் கீழாகப் போடுங்கள். போட்டதும் சூடு இறங்கும், 155 முதல் 160-க்குள் நிலைத்தால் சரி. ஒரே தடவையில் எல்லாத் துண்டுகளையும் திணித்தால் 140-க்குக் கீழே போய், கோழி பொரியாமல் எண்ணெய் குடிக்கும். எலும்பை ஒட்டிய இடத்தில் வெப்பமானி 74 டிகிரி காட்ட வேண்டும், தொடைக்கு 80 இருந்தால் இன்னும் மிருது. நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். வெந்ததைக் காகிதத்தின் மேல் போட்டால் அடிப்பக்கம் வியர்த்து நமத்துப் போகும், கம்பித் தட்டுதான் சரி.

கம்போ: ரூவில்தான் எல்லாம்

லூசியானாவின் கம்போவுக்கு உயிர், எண்ணெயில் மைதாவைக் கருஞ்சிவப்பாக வறுத்தெடுக்கும் ரூ. 2 லிட்டர் கோழிச் சாற்றுக்கு முக்கால் கப் எண்ணெய், முக்கால் கப் மைதா. வெண்ணெய் வேண்டாம், அதிலுள்ள பால் சத்து தீய்ந்துவிடும். மிதமான தீயில் தட்டையான மரக்கரண்டியால் சட்டியின் மூலைமுடுக்கெல்லாம் விடாமல் துழாவ வேண்டும். முதலில் பச்சை மாவு வாடை, பிறகு வறுத்த வேர்க்கடலை மணம், செம்பு நிறம், கடைசியாக சாக்லேட் நிறம். இதற்கு 30 முதல் 45 நிமிடம் ஆகும். கருப்புப் புள்ளி ஒன்று தென்பட்டாலும் மாவு தீய்ந்துவிட்டது என்று அர்த்தம். கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள், அந்தக் கசப்பை எதுவும் மறைக்காது. நினைத்த நிறத்துக்குச் சற்று முன்பே நறுக்கிய வெங்காயம், செலரி, குடைமிளகாயைக் கொட்டினால் சூடு தணிந்து, நிறம் அங்கேயே நிற்கும். காய்கள் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருப்பது முக்கியம். ரூ மேலே தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், குழந்தைகள் அருகில் வேண்டாம்.

ரூ கறுக்கக் கறுக்கக் கெட்டியாக்கும் திறன் குறையும், மாவின் ஸ்டார்ச் உடைந்துவிடுவதுதான் காரணம். அதனால்தான் வெண்டைக்காயோ, சாஸஃப்ராஸ் மர இலையை அரைத்த ஃபிலே பொடியோ சேர்க்கிறார்கள். வெண்டைக்காயைத் தனியாக வதக்கி வழவழப்பைப் போக்கிவிட்டுச் சேருங்கள். சாக்டா பழங்குடியினரிடமிருந்து வந்த ஃபிலே பொடியை அடுப்பை அணைத்த பிறகே தூவ வேண்டும். கொதிக்கும்போது போட்டால் நூல் நூலாக இழுக்கும்.

கீரையும் மேக் அண்ட் சீஸும்

முட்டைக்கோஸ் இனத்தைச் சேர்ந்த காலர்ட் கீரையின் தண்டு கெட்டியானது. புகையூட்டிய பன்றிக் கணுக்காலோ வான்கோழியோ போட்டு ஒரு மணி நேரம் வேக விடுங்கள். இறைச்சியிலேயே உப்பு இருப்பதால் கடைசியில் ருசி பார்த்துத்தான் உப்பு. வினிகரும் கடைசியில்தான், முன்பே ஊற்றினால் கீரை வேகத் தாமதமாகும். வெந்த சாற்றைக் கொட்டாதீர்கள், கார்ன்பிரெட்டுக்கு அதுதான் தொடுகறி.

மக்ரோனியைச் சீஸ் சாஸில் கலந்து செய்யும் மேக் அண்ட் சீஸ் திரிந்து மணல்மணலாவதற்குக் காரணம், சீஸ் போட்ட பிறகும் சாஸைக் கொதிக்க விடுவது. அடுப்பிலிருந்து இறக்கி ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். துருவியே பாக்கெட்டில் வரும் சீஸில் ஒட்டாமலிருக்க ஸ்டார்ச் கலந்திருப்பதால் வழுவழுப்பாக உருகாது. கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். மக்ரோனியைப் பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள், மீதி ஓவனில் வேகும்.