பழைய செயின்சா: கார்புரேட்டர் திருகைக் கடைசியாகத் தொடுங்கள்

பழைய செயின்சா கிளம்பவில்லை என்றால் பெரும்பாலானோரின் கை முதலில் போவது கார்புரேட்டரின் இரண்டு திருகுகளுக்குத்தான். அதைத் திருப்பி ஓட்டிவிட்டால் கோளாறு தீர்ந்த மாதிரி இருக்கும். உள்ளே காற்றுக் கசிவு இருந்தால் சில நாளில் பிஸ்டனே போய்விடும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். கழற்றுவது, துடைப்பது, ஏர் ஃபில்டர் கழுவுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: பிஸ்டனைப் பாருங்கள்

ஸ்டார்ட்டர் கயிற்றை இழுப்பதற்கு முன் சைலன்சரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டார்ச் அடியுங்கள். பிஸ்டனில் கடைசல் வரிகள் மெல்லியதாகத் தெரிந்தால் நல்லது. மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் இருந்தால் ஆயில் குறைவாகவோ காற்று அதிகமாகவோ ஓடிச் சூடேறியிருக்கிறது. அதற்குக் காரணம் தெரியாமல் புதுப் பிஸ்டன் போடுவது வீண் செலவு. கம்ப்ரஷன் கேஜில் 150 பிஎஸ்ஐ வந்தால் அருமை. 100-க்குக் கீழே என்றால் ரிங்கையும் சிலிண்டரையும் கவனிக்க வேண்டும்.

படி 2: ஸ்பார்க்

பொறி வரவில்லையா? காயிலைக் (பொறிக்கான மின்சாரம் தரும் சுருள்) குறை சொல்வதற்கு முன் நிறுத்தும் சுவிட்சின் ஒயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள். அந்த ஒயர் எங்காவது உரசி எஞ்சினின் உலோக உடம்பைத் தொட்டுக்கொண்டிருப்பது சகஜம்.

அதற்கும் வரவில்லை என்றால் பாயிண்ட், அதாவது பொறிக்காகத் திறந்து மூடும் மின்தொடுமுனை. பல பழைய மாடல்களில் அது பிளைவீலுக்கு (கிராங்க் தண்டின் முனையில் சுற்றும் கனமான சக்கரம்) அடியில் இருக்கிறது. பார்க்கப் பளிச்சென்று இருந்தாலும் வருடக்கணக்கில் சும்மா கிடந்த பாயிண்டில் கண்ணுக்குத் தெரியாத படலம் படிந்திருக்கும். நைசான எமரித் தாளால் லேசாக இழுத்து, பிறகு சுத்தமான அட்டையை நடுவில் வைத்து இழுங்கள். துகள் மிச்சமிருந்தால் வேலை வீண். இடைவெளி பல மாடல்களில் 0.4 மி.மீ. அளவில் இருக்கும், உங்கள் கையேட்டில் உள்ள அளவே இறுதி.

பிளைவீல் நட்டைக் கழற்றும்போது எஞ்சின் சுற்றாமல் இருக்க, பிளக் துளை வழியாகக் கயிறு திணிப்பார்கள். பிஸ்டன் மேலே ஏறி சைலன்சர் பக்கத்துத் துளையை மூடிய பிறகே கயிற்றை உள்ளே விடுங்கள். முன்னாலேயே விட்டால் கயிறு அந்தத் துளையில் சிக்கிக்கொள்ளும். பிளைவீலை நெம்ப ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம், புல்லர் (சக்கரத்தை இழுத்துக் கழற்றும் கருவி) வாங்குங்கள். உடைந்த விளிம்புக்கு மருந்து கிடையாது.

படி 3: எரிபொருள்

ரப்பர் குழாய், டாங்க் ஃபில்டர் இரண்டையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் தாங்காது. கார்புரேட்டரின் டயாபிரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) துணி மாதிரி மடங்க வேண்டும், விரலால் தொட்டால் சடசடவென்றால் தூக்கிப் போடுங்கள். பிரிக்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரிங் பக்கம் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் பக்கம்) பொதுவாக கார்புரேட்டர் உடம்பை ஒட்டி கேஸ்கெட், அதன்மேல் டயாபிரம். மாற்றிப் போட்டால் பெட்ரோலை விடும் ஊசி திறக்கும் அளவே மாறிவிடும். பழைய செயின்சாக்களில் அடிக்கடி காணும் டில்லாட்சன் எச்எல் வகை கார்புரேட்டரில் ஊசியை அசைக்கும் சின்ன நெம்புகோல் அறையின் தரை மட்டத்துக்குச் சமமாக நிற்க வேண்டும்.

படி 4: காற்றுக் கசிவு

கார்புரேட்டருக்குப் புது டயாபிரம், கேஸ்கெட் கிட் போட்டாயிற்று, பொறியும் இருக்கிறது, ஆனால் ஆக்சிலரேட்டரை விட்டபிறகும் வேகம் இறங்க மறுக்கிறது. செயின்சாவைப் பக்கவாட்டில் சாய்த்தால் ஐட்லிங் (ஆக்சிலரேட்டர் இல்லாமல் ஓடும் வேகம்) மாறுகிறது. இந்த இரண்டும் கசிவின் அடையாளம். இந்த நேரத்தில் திருகைத் திருப்பினால் அறிகுறி மறையும், நோய் உள்ளேயே இருக்கும்.

பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி, சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் உட்காரும் வாயையும் இறுக்கமாக அடையுங்கள். கார்புரேட்டருக்குப் போகும் இம்பல்ஸ் துளை (எஞ்சினின் அழுத்தத் துடிப்பைக் கொண்டுபோகும் துளை) தனியாக இருந்தால் அதையும் மறக்காதீர்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துளையில் ஒரு இணைப்பு மாட்டி, கைப்பம்பால் 0.5 பார் வரை காற்று ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல கிராங்க் சீலும் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் வளையம்) வெளியே வந்துவிடும். பம்பு கேஜின் முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழியைத் தேடுங்கள்.

முள் இறங்கவில்லை என்று இதோடு நிறுத்திவிடக் கூடாது. தேய்ந்த கிராங்க் சீல் அழுத்தத்தில் உதடு ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். அதே இடத்தில் வெற்றிடம் ஏற்படுத்திப் பாருங்கள், கிராங்கை மெதுவாகச் சுற்றிக்கொண்டே. அப்போதுதான் அதன் குட்டு வெளிப்படும். இதனால்தான் அழுத்தம், வெற்றிடம் இரண்டும் தருகிற கைப்பம்பை வாங்கச் சொல்கிறேன். ஓடும் எஞ்சின்மேல் ஸ்ப்ரே அடித்துக் கசிவு தேடும் முறை எனக்குப் பிடிக்காது, சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அது நெருப்போடு விளையாட்டு.

படி 5: இப்போது திருகுகள்

எல் (குறைந்த வேகத்துக்கு), எச் (அதிக வேகத்துக்கு) திருகுகள் இரண்டையும் மெதுவாக உட்கார வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு சுற்று வெளியே எடுங்கள். எஞ்சின் சூடானதும் எல் திருகால் ஐட்லிங் அதிகபட்சம் போகும் இடத்தைப் பிடித்து, கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்கள். செயின் நிற்கும் வரை, தனியாக இருக்கும் ஐட்லிங் திருகைக் குறையுங்கள். முழு வேகத்தில் வெறுமனே ஓடும்போது சத்தம் லேசாகத் தடுமாற வேண்டும், மரத்தில் வைத்ததும் தெளிய வேண்டும். அதுதான் எச் சரியாக இருக்கும் இடம். சில பழைய கார்புரேட்டர்களில் வேகக் கட்டுப்பாட்டு வால்வு உண்டு. அவற்றில் அந்தத் தடுமாற்றம் வால்வின் வேலையாகவும் இருக்கலாம், காதை மட்டும் நம்ப முடியாது.

டாங்க் மூடியில் 16:1 (16 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்) என்று எழுதியிருந்தால் அது அந்தக் காலத்து ஆயிலுக்கு. இன்றைய நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலில் நான் 32:1 போடுகிறேன், லிட்டருக்கு 31 மி.லி. கலவையை மாற்றினால் எச் திருகையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

மரத்தில் வைப்பதற்கு முன் ஒன்று. பல பழைய செயின்சாக்களில் செயினை உடனே நிறுத்தும் செயின் பிரேக்கே கிடையாது. செயின் ஓடும் பட்டையான பாரின் நுனியில் மேல்பாதி மரத்தில் பட்டால் செயின்சா முகத்தை நோக்கித் துள்ளும் (இதுதான் கிக்பேக்), தடுக்க எதுவும் இல்லை. கிக்பேக் குறைந்த செயினும் கால் கவசமும் இல்லாமல் நான் தொடுவதில்லை.

பிற்சேர்க்கை: கிளட்ச் கழலவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான மாடல்களில் அது இடது மரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பலம் போடுவதற்கு முன் அதில் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு கேள்வி: குளிர்ச்சியில் ஓடி, சூடானதும் நின்றுவிடுகிறது. நின்ற உடனே, ஆறுவதற்குள், பிளக்கைக் கழற்றிப் பொறி பாருங்கள். பொறி இல்லையென்றால் கோளாறு காயிலில் அல்லது கண்டென்சரில் (பாயிண்டோடு சேர்ந்து வேலை செய்யும் மின்பாகம்). பொறி இருந்தால் டாங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டுங்கள். அப்போது நிற்காமல் ஓடினால் டாங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.